ஊருக்கு வருகிறவர்களும் பயணிகள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடி பிறந்துவிட்டால் ஏ-9 வீதியில் ஓடும் வான்களின் கூரையில் பெரிய பெரிய பயணப்பெட்டிகளைக் காணலாம். கனடா, பிரான்ஸ், சுவிஸ், இலண்டன் என்று போய்க் குடியேறியவர்கள் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையோடு ஊர் வந்து சேரும் காலம் இது. ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, கோயில் கொடியேற்றங்கள், தள்ளிப்போட்டு வைத்திருந்த கலியாணவீடுகள், சாமத்தியவீடுகள் எல்லாம் இந்த ஐந்தாறு கிழமைக்குள் வந்துவிடும். மார்கழியில் இன்னொரு கூட்டம் வரும். வருகிறவர்களுக்கும், அவர்களுக்காக வீட்டைக் கூட்டிக் கழுவி வைக்கிற உறவினருக்கும் நுளம்பு பற்றிச் சொல்லவேண்டியது சில உண்டு. தங்கள் பத்திரிகையில் இடம் தருவீர்கள் என்று நம்புகிறோம்.

ஒரு வெள்ளைக்காரர் இலங்கைக்கு வருவதென்றால் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பயண மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறார். நுளம்பு விரட்டும் பூச்சும் நீண்ட கைச் சட்டையும் அவருடைய பெட்டியில் இருக்கும். எங்கள் ஆட்களின் பெட்டியில் இருப்பது சொக்கலேற்றும் உடுப்பும் சவர்க்காரமும். “நான் இந்த மண்ணில பிறந்து வளர்ந்தவன், எனக்கென்ன நுளம்பு புதிசோ?” என்ற பேச்சு வேறு. வெப்பமண்டலத் தீவொன்றுக்குப் பயணம் போகிறோம் என்ற நினைப்பே ‘ஊருக்குப் போறம்’ என்ற சொல்லுக்குள் காணாமல் போய்விடுகிறது.

இந்த மண்ணில் பிறந்தவருக்கு டெங்கு சலுகை காட்டுவதில்லை. நிலைமை பெரும்பாலும் நேர்மாறானது. டெங்கு வைரசில் நான்கு வகை உண்டு. ஒருவகை தொற்றிக் குணமானவருக்கு அந்த வகைக்கு எதிராகவே நீடித்த காப்புக் கிடைக்கிறது. பின்னொரு நாளில் மற்ற மூன்றில் ஒன்று தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு முதல்முறையைவிடக் கூடுதல். சின்ன வயதில் இங்கே ‘சும்மா காய்ச்சல்’ என்று வந்து போனது டெங்காகக்கூட இருந்திருக்கலாம். அப்படியானவருக்கு இருபது வருடம் கழித்து ஊரில் தொற்றுவது இரண்டாவது டெங்கு. அவருடைய மகனுக்கோ மகளுக்கோ அது முதலாவது. ஆகவே வீட்டில் அதிகம் கவனிக்கப்படவேண்டியவர் பிள்ளை மட்டுமல்ல, “எனக்கு ஒண்டும் செய்யாது” என்று சொல்லும் அப்பாவும்தான். 2017 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாகி, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த ஆண்டு மேலோங்கியது இரண்டாம் வகை. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் இங்கு அரிதாகவே காணப்பட்ட வகை அது.

மலேரியாவின் கதை வேறு. நாற்பது வயதைத் தாண்டிய எந்த வன்னிக்காரருக்கும் குளோரோகுயின் குளிசையின் கசப்பு நாக்கில் இன்னமும் இருக்கும். ஆனால் உள்ளூரில் தொற்றி வந்த மலேரியா 2012 ஒக்ரோபருடன் நின்றது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. எனவே வெளிநாட்டிலிருந்து நேரே இலங்கைக்கு வருகிறவருக்கு மலேரியாத் தடுப்புக் குளிசை தேவையில்லை. பழைய பயத்தில் சிலர் அதை வாங்கி விழுங்கிவிட்டு, “மருந்து எடுத்திட்டம்தானே” என்று வெறுங்காலுடன் முற்றத்தில் இருக்கிறார்கள். அந்தக் குளிசை டெங்கையோ சிக்குன்குனியாவையோ தொடாது. டெங்குத் தடுப்பூசி ஒன்று ஐரோப்பாவில் 2022 இறுதியில் அனுமதி பெற்றது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஊசி. முன்பு டெங்கு வந்தவர்கள் அதுபற்றித் தமது நாட்டு மருத்துவரிடம், பயணச்சீட்டு வாங்கும் காலத்திலேயே கேட்கவேண்டும். புறப்படும் கிழமையில் கேட்டுப் பயனில்லை.

இனி, வந்து இறங்கும் வழி. கட்டுநாயக்காவில் இறங்குகிறவர்கள் நீர்கொழும்பிலோ வெள்ளவத்தையிலோ இரண்டு மூன்று நாள் தங்கிக் களைப்பாறி, உடுப்பு வாங்கி, பிறகுதான் வடக்கே திரும்புகிறார்கள். நாட்டில் டெங்கு எப்போதும் அதிகம் பதிவாகும் பகுதி மேல் மாகாணம். தென்மேல் பருவமழையோடு அங்கே வைகாசி முதல் ஆடி வரை ஓர் ஏற்றம் இருக்கும். எங்கள் பக்கத்து ஏற்றம் வடகீழ் மழையோடு ஐப்பசியில் தொடங்கித் தை வரை போகும். டெங்கு நுளம்பு கடித்தபின் காய்ச்சல் வர பெரும்பாலும் 4 முதல் 10 நாள் எடுக்கும். எனவே ஆவணியில் கிளிநொச்சியில் காய்ச்சல் வந்தவரைக் கடித்தது கொழும்பு நுளம்பாக இருக்கலாம். இதில் யார் மேல் பிழை என்பதல்ல விடயம். காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து தொடங்கியபின் ஏறத்தாழ ஐந்து நாள் வரை அவருடைய இரத்தத்தில் வைரசு இருக்கும். அந்த நாட்களில் எங்கள் வளவு நுளம்பு அவரைக் கடித்தால், 8 முதல் 12 நாளில் அது பிறருக்குத் தொற்றவைக்கும் நுளம்பாகிவிடும். அதன்பின் சாகும்வரை அப்படியேதான். நோயாளியைப் பகலிலும் நுளம்பு வலைக்குள் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். அது அவருக்கான காவல் அல்ல, அயலுக்கான காவல்.

வீட்டைத் தயார்செய்வதில் நடக்கும் பெரிய தவறு நாள் கணக்கில் உள்ளது. விருந்தினர் நாளை வருகிறார்கள் என்றால் இன்று வளவு கூட்டுகிறோம். டெங்கு நுளம்பின் முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். நுளம்பானபின் இரண்டு முதல் நான்கு கிழமை உயிரோடிருக்கும். நேற்றுச் சிரட்டையைக் கவிழ்த்தவர் போன கிழமை அதிலிருந்து பறந்ததைக் கவிழ்க்க முடியாது. ஆகவே வருகைக்கு மூன்று கிழமை முன்பே தொடங்கி, கிழமைக்கு ஒருமுறை தவறாமல் செய்யவேண்டும். அந்த நுளம்பு அதிகம் பறப்பதுமில்லை, நூறு இருநூறு மீற்றர்தான். அயல்வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டால் வேலை பாதியாகும்.

எங்கே பார்ப்பது என்பதில் பலர் குளத்தையும் வயலையும் வாய்க்காலையும் காட்டுகிறார்கள். டெங்கு நுளம்புக்கு இரணைமடு தேவையில்லை. ஒரு யோகட் கோப்பை போதும். வன்னி வளவுகளில் நாம் மறக்கிற இடங்கள் இவை: அணில் கோதி விழுந்த தேங்காய், இளநீர்க் கோம்பை, கழன்று விழுந்து தோணிபோல் கிடக்கும் தென்னம்பாளை, கமுக மடல், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி, குசினி அலுமாரியின் கால்களுக்குக் கீழே எறும்புக்காக வைத்த தண்ணீர்ப் பேணி, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள சிறு தட்டு, இலை அடைத்துக் கிடக்கும் கூரைப் பீலி, உழவு இயந்திரத்தின் பழைய ரயர், அதை மூடிய பொலித்தீன் விரிப்பின் மடிப்பு. எறும்புப் பேணியில் தண்ணீருக்குப் பதில் பழைய எண்ணெய் ஊற்றலாம். ரயரை அடுக்கி மூடி வைப்பதைவிடத் துளையிடுவது நல்லது. ரயர் எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தாலும் அடியில் ஒரு துளை வருமாறு நான்கு துளை. கோயில் வாசலில் வைக்கும் கும்பத்தின் தண்ணீரையும் கால் கழுவும் தொட்டியையும் யாரும் சந்தேகிப்பதில்லை. அவற்றையும் கிழமைக்கொருமுறை மாற்றவேண்டும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்கவேண்டும். பெண் நுளம்பு முட்டைகளைத் தண்ணீரில் மிதக்கவிடாமல் பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவைக்கிறது. கண்ணுக்குக் கரும்பொட்டுப் போலத்தான் தெரியும். வெயிலில் காய்ந்தாலும் பல மாதம் உயிர்ப்புடன் இருந்து, மழைத்தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். ஆவணியில் காய்ந்து கிடந்த வாளி ஐப்பசியில் நுளம்பு தருவதன் இரகசியம் இதுதான். தும்புக் கட்டையாலோ முரடான துரிசாலோ உட்சுவரை அழுத்தித் தேய்த்து, கழுவிய தண்ணீரைக் கானுக்குள் விடாமல் சுடுமண்ணில் ஊற்றவேண்டும்.

கூரைமேல் தண்ணீர்த் தாங்கியின் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று ஏறித்தான் பார்க்கவேண்டும்; கீழே நின்று பார்த்தால் எல்லா மூடியும் மூடியே கிடக்கும். நிரம்பி வழியும் குழாயின் வாயில் நுளம்பு வலைத் துண்டைச் சுற்றிக் கட்டவேண்டும். மலசலகூடக் குழியின் காற்றுக் குழாய்க்கும் அதேதான். இறைக்காமல் விட்ட கிணற்றில் நுளம்புக் குடம்பியைத் தின்னும் கப்பி மீன் விடலாம். வெறுமையாக்க முடியாத, குடிக்கப் பயன்படாத தொட்டிக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் குடம்பியைக் கொல்லும் ஏபேற் மணல் கேட்கலாம்; ஒரு வீத மணலில் 10 லீற்றர் தண்ணீருக்கு 1 கிராம் என்பது கணக்கு. கைக்கு வந்தபடி அள்ளிப் போடுவதால் கூடுதல் பயன் எதுவும் இல்லை.

கடற்கரைக் கிராமங்களில் ஒரு நம்பிக்கை உண்டு: உப்புத்தண்ணீரில் நுளம்பு வராது என்று. டெங்கு நுளம்புகள் உவர்நீரிலும் முட்டையிட்டு வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உட்பட்டோர் 2011 இலேயே காட்டியிருக்கிறார்கள். முல்லைத்தீவு, கொக்கிளாய்ப் பக்கம் கரையேற்றி விட்ட பழைய வள்ளங்களின் அடியில் தேங்குவதைக் கவிழ்த்தோ துளைதிறந்தோ விடவேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தில் எழும் புதுவீடுகள் தனி விடயம். கொங்கிறீற் தட்டுப் போட்டதும் சுற்றிப் பாத்தி கட்டி ஒன்று இரண்டு கிழமை தண்ணீர் நிறுத்துகிறார்கள். நுளம்பு ஒரு தலைமுறை வளர அதே காலம்தான் வேண்டும். நனைத்த சாக்குகளை விரித்து நாளுக்கு மூன்று நான்கு தரம் தண்ணீர் தெளித்தால் தட்டும் உறுதிப்படும், குடம்பிக்கு இடமும் இராது. மேசன்மார் இதை விரும்புவதில்லை என்பது தெரியும். சாக்குக் காயாமல் பார்த்துக்கொண்டிருக்கவேண்டுமே. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் கட்டடம் முடியாத வளவுக்கும் பொருந்தும் என்பதை வீட்டுக்காரர் தொலைபேசியில் நினைவூட்டலாம்.

புகையடிப்பு பற்றி ஒரு வார்த்தை. விருந்தினர் வருமுன் ‘ஒருக்கா புகை அடிச்சுத் தாங்கோ’ என்ற கோரிக்கை பணிமனைகளுக்கு அடிக்கடி வருகிறது. புகை அந்த நேரம் பறந்துகொண்டிருக்கும் நுளம்பைக் கொல்லும். வாளிக்குள் நெளியும் குடம்பிக்கு அது தெரியாது. அடுத்த நாள் காலை புதியவை எழும்பும். நோயாளி கண்ட வீட்டைச் சுற்றி, உடனடிப் பரவலை முறிக்க அடிப்பதில் பயன் உண்டு. கலியாணப் பந்தலுக்குச் சோடனைபோல் அடிப்பது பயனற்றது.

அடுத்து, கடிக்கும் நேரம். டெங்கையும் சிக்குன்குனியாவையும் காவும் ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. விடிந்து முதல் இரண்டு மூன்று மணித்தியாலமும், பொழுதுபட முந்திய இரண்டு மூன்று மணித்தியாலமும் அதற்கு உகந்தவை. இந்த நேரங்களைக் கோயில் பூசை நேரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலைப் பூசை, மாலைப் பூசை இரண்டிலும் ஆண்கள் மேலாடை இல்லாமல் நிற்கிறார்கள். பெண்களுக்குச் சேலையில் இடுப்பும் முதுகும் திறந்திருக்கும். எல்லாருக்கும் வெறுங்கால். வேட்டி கட்டுமுன் தோள், முதுகு, முழங்கையின் பின்புறம், கணுக்கால், பாதத்தின் மேற்புறம் எல்லாம் விரட்டுப்பூச்சுத் தடவிக்கொண்டால் சாமி கோபிக்கமாட்டார். அதிகம் கடிபடுவது கணுக்கால்தான். அதிகம் மறக்கப்படுவதும் அதுதான்.

பூச்சு வாங்கும்போது போத்தலின் படத்தைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள். டீற் என்ற விரட்டும் மருந்து 20 முதல் 30 வீதம் உள்ளது நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வரை காக்கும். 10 வீதம் என்றால் இரண்டு மணித்தியாலம் அளவில்தான். டீற்றின் மணம் பிடிக்காதவருக்குப் பிக்காரிடின் 20 வீதம் நல்ல மாற்று. இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டீற் கூடாது, வலைதான். யூக்கலிப்ரஸ் எலுமிச்சை எண்ணெய் என்று விற்பதை மூன்று வயதுக்குக் கீழ் பூசவேண்டாம். சித்திரநெல்லா எண்ணெய் மோசமில்லை, ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குள் காற்றோடு போய்விடும். மணம் இருக்கும், காப்பு இராது. வெயிற்பூச்சும் பூசுகிறவர்கள் முதலில் அதைப் பூசிக் காயவிட்டு, மேலே விரட்டுப்பூச்சைப் பூசவேண்டும். குளத்திலோ கிணற்றடியிலோ குளித்தெழுந்தால் முன்பு பூசியது போய்விட்டது என்று கணக்கு. பிள்ளைகளின் உள்ளங்கையில் ஊற்றிக் கொடுக்காதீர்கள்; கண்ணையும் வாயையும் தொடுவார்கள். பெரியவர் தம் கையில் ஊற்றித் தடவிவிடவேண்டும்.

நுளம்பு வலையை மெத்தைக்குக் கீழே செருகி, உடல் முட்டாதபடி கட்டவேண்டும். வலையோடு ஒட்டிக் கிடக்கும் முழங்கையை நுளம்பு வெளியே நின்றே குத்தும். ஏணையில் பகலில் உறங்கும் குழந்தைக்குத்தான் வலை முதலில் தேவை. நாமோ இரவில் பெரியவர்களுக்குக் கட்டிவிட்டுப் பகலில் கழற்றி மடித்து வைக்கிறோம். மின்விசிறிக் காற்று நுளம்புக்கு உண்மையான தொல்லை. விறாந்தையில் இருந்து கதைக்கும்போது கால்மட்டத்தில் ஒரு மேசை விசிறி ஓடட்டும். நுளம்புத்திரியைப் பூட்டிய அறைக்குள் கொளுத்தி அதற்குள் குழந்தையைக் கிடத்துவது நுளம்பைவிடப் புகையால் கெடுதி. வேப்பிலைப் புகைக்கும் இதே நியாயம்தான், பாட்டி சொன்னதாயினும்.

மடுவில் காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களுக்கு இரவுக் காவலும் வேண்டும். அங்கே கடிப்பது ஈடிஸ் மட்டுமல்ல. மணல் ஈயும் உண்டு. அது நுளம்பைவிடச் சிறியது, சாதாரண வலைக் கண்ணுக்குள்ளால் நுழையும். தோலில் ஆறாப் புண் தரும் லீஷ்மானியா நோயைக் காவுவது அதுதான். நீண்ட காற்சட்டையும் பூச்சும்தான் அதற்குக் காவல். வயற்கரை வீடுகளில் ஒரு மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர்கள் யப்பானிய மூளையழற்சித் தடுப்பூசி பற்றித் தமது மருத்துவரிடம் கேட்கலாம். இங்குள்ள பிள்ளைகளுக்கு அது அரச அட்டவணையில் கிடைக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் கிடைத்திராது.

இத்தனைக்குப் பிறகும் காய்ச்சல் வரலாம். வந்தால் முதல் வேலை, தொடங்கிய நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வைப்பது. டெங்கில் எல்லாம் நாள் கணக்குத்தான். வைத்தியர் முதலில் கேட்பதும் அதைத்தான். பரசிட்டமோல் மட்டும் கொடுக்கவேண்டும்: வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம், நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு தரத்துக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 20 கிலோப் பிள்ளைக்கு 300 மில்லிகிராம். காய்ச்சல் முழுதாக இறங்கவில்லை என்று இடையில் கூட்டிக் கொடுத்தால் ஈரல் கெடும். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் பெட்டியிலிருந்து வரும் ஆபத்து இங்கேதான். அங்கே காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் ஐபுப்ரோபன் சாதாரண மருந்து. பிள்ளைகளுக்குப் பாணியாகக்கூட வைத்திருப்பார்கள். டெங்கில் ஐபுப்ரோபன், அஸ்பிரின், டைக்ளோபினக், மெபனமிக் அசிட் எதுவும் ஆகாது. இரத்தக்கசிவைக் கூட்டும், வயிற்றைப் புண்ணாக்கும். காய்ச்சலைச் சட்டென்று இறக்கவென்று மலவாசலில் வைக்கும் டைக்ளோபினக் மருந்தும் இதில் சேர்த்தி. இருதயத்துக்காக நாளாந்தம் அஸ்பிரின் எடுக்கும் பெரியவர்கள் தாமாக நிறுத்தாமல், காய்ச்சல் கண்ட அன்றே வைத்தியரிடம் சொல்லி அவர் சொன்னபடி செய்யவேண்டும்.

குடிப்பது வெறும் தண்ணீராக மட்டும் இருக்கக்கூடாது. கஞ்சி, இளநீர், ஜீவனி, பழச்சாறு, பால் எல்லாம் சேர்த்து 50 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு நாளொன்றுக்கு 2500 மில்லிலீற்றர் அளவில். அதற்குக் குறைந்தவருக்கு கிலோவுக்கு 50 மில்லிலீற்றர். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். பீற்றூட் சாறும் கோலாவும் வாந்தியில் வரும்போது இரத்தமா இல்லையா என்று வைத்தியருக்கே குழப்பம் வரும். பப்பாசி இலைச்சாறு பற்றிக் கேட்கிறார்கள். அதை நம்பி இரத்தப் பரிசோதனையை ஒரு நாள் பிந்தப்போடுவதுதான் அதன் உண்மையான தீங்கு.

பரிசோதனை என்றால் மூன்றாம் நாள் முழுமையான இரத்தக் கணக்கு, பிறகு வைத்தியர் சொல்லும்வரை நாளாந்தம். கர்ப்பிணி, கைக்குழந்தை, முதியவர், நீரிழிவுக்காரர் மூன்றாம் நாளுக்குக் காத்திருக்கவேண்டியதில்லை; முதல் நாளே போகவேண்டும். குருதிச் சிறுதட்டு (பிளேற்லெற்) ஒரு இலட்சத்துக்குக் கீழ் இறங்கினால் வீட்டில் வைத்திருக்கும் கதையே இல்லை. அதற்கு முன்னரும் கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் குளிர்தல், சோர்ந்து கிடத்தல் அல்லது காரணமில்லாத அமைதியின்மை, ஆறு மணித்தியாலம் சிறுநீர் போகாமை இவற்றில் ஒன்று கண்டாலும் நேரம் பார்க்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

இக்கடிதத்தில் ஒன்றே ஒன்றைத்தான் பிரசுரிக்க இடமிருக்கிறது என்றால், ஆசிரியர் அடுத்த பந்தியைப் பிரசுரிக்கலாம்.

டெங்கில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். நான்காம், ஐந்தாம், ஆறாம் நாளளவில் உடம்பு குளிர்கிறது. வீட்டார் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள். அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் நெஞ்சறைக்குள்ளும் வயிற்றறைக்குள்ளும் கசியத் தொடங்குகிறது. 24 முதல் 48 மணித்தியாலம் வரை இது நீடிக்கும். இரத்தம் தடித்து, அமுக்கம் விழுந்து, ஆள் தெளிவாகக் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அதிர்ச்சி நிலைக்குப் போகலாம். விடுமுறை முடிகிறவருக்கு இது பயணச்சீட்டு நாளோடு மோதுகிறது. “காய்ச்சல் விட்டிட்டுது, நாளைக்குப் பிளேன்” என்று கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு 300 கிலோமீற்றர் வானில் குலுங்கி, பிறகு பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஆகாயத்தில் இருக்கத் துணிகிறார்கள். அங்கே சேலைன் ஏற்ற ஆளில்லை, அமுக்கம் பார்க்க ஆளில்லை. காய்ச்சல் விட்டு இரண்டு முழு நாள் கழிந்து, பசி திரும்பி, சிறுதட்டு ஏறத் தொடங்கியதை வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை விமானம் ஏறவேண்டாம். பயணச்சீட்டு மாற்றும் காசு பெரிதுதான். பயணக் காப்புறுதி எடுக்கும்போதே வைத்தியச் செலவோடு திகதி மாற்றமும் அடங்குமா என்று கேட்டுவையுங்கள்.

திரும்பிப் போய் இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் அங்குள்ள மருத்துவரிடம் முதல் வசனமாக “இலங்கையிலிருந்து வந்தேன்” என்று சொல்லுங்கள். கேட்கும்வரை காத்திருக்கவேண்டாம், “தடிமனாக்கும்” என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்த நாட்களில் அங்கேயும் நுளம்பு கடிக்காமல் பார்ப்பது கடமை. டெங்கையும் சிக்குன்குனியாவையும் காவும் புலி நுளம்பு இப்போது பிரான்சிலும் தென் ஐரோப்பாவிலும் குடியேறிவிட்டது. 2025 இல் பிரான்சின் பெருநிலப்பரப்பில் நூற்றுக்கணக்கானோருக்கு உள்ளூரிலேயே சிக்குன்குனியா தொற்றியது. ரியூனியன் தீவில் பெரிதாகப் பரவிய அதே ஆண்டில்தான். சிக்குன்குனியா டெங்குபோல் உயிரைப் பறிப்பது அரிது. மூட்டு வலிதான் அதன் முத்திரை. சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை அந்த மூட்டு வலிக்கும் பரசிட்டமோல் தவிர வேறெதுவும் வேண்டாம்.

இனி, இங்கிருந்து போகிறவர்களுக்கு. மாலைதீவுக்கு வேலைக்குப் போகிறவருக்கு டெங்குக் காவல் போதும். அங்கே மலேரியா இல்லை. மொரீசியஸ், ரியூனியன், சீசெல்சும் அப்படியே. மடகஸ்கார், கொமரோஸ், பப்புவா நியூகினி, சொலமன் தீவுகள் வேறு. அங்கே மலேரியா உண்டு. முகவர் சொல்லும் வழியில் மேற்கு ஆபிரிக்க நாடொன்றில் மாதக்கணக்கில் தங்கி ஐரோப்பா போக முயன்று திரும்புகிறவர்களும் இதில் அடக்கம். சட்டம் என்ன சொன்னாலும் நுளம்பு விசா பார்ப்பதில்லை. போகுமுன் மலேரியாத் தடை இயக்கத்தின் பிராந்தியப் பணிமனையில் தடுப்பு மருந்து கேளுங்கள், இலவசம். எந்த மருந்து என்பது நாட்டையும் ஆளையும் பொறுத்தது. மெபுளோகுயின் கிழமைக்கொன்று, போவதற்கு இரண்டு மூன்று கிழமை முன்பே தொடங்கி, திரும்பி நான்கு கிழமை வரை. டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் நாளாந்தம், ஓரிரு நாள் முன்பிருந்து திரும்பி நான்கு கிழமை வரை. கர்ப்பிணிக்கும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் கூடாது. தடுப்பு மருந்து தோற்பது பெரும்பாலும் மருந்தின் பிழையால் அல்ல. வீடு வந்து சேர்ந்ததும் குளிசையை நிறுத்திவிடுவதால்தான்.

வந்தபின் காய்ச்சல் என்றால் அன்றே மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கவேண்டும். பல்சிபாரம் வகை சில நாளிலேயே ஆளைக் கொண்டுபோகும். வைவக்ஸ் வகை ஈரலில் ஒளிந்திருந்து பல மாதம் கழித்தும் எழும்பும். ஆகவே ஒரு வருடம் வரைக்கும் எந்தக் காய்ச்சலுக்கும் ‘இன்ன நாட்டில் இருந்தேன்’ என்று சொல்லவேண்டும். இன்றைய இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதேயில்லை. அது நாட்டின் வெற்றி, ஆனால் நோயாளி வாய் திறக்காவிட்டால் அதுவே ஆபத்து. மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் நுளம்பு வன்னியை விட்டுப் போகவில்லை. ஆற்றுப் படுக்கையின் மணற்குழிகளிலும் குளக்கட்டின் கீழ்க் கசிவுநீரிலும் அது இன்றும் வளர்கிறது. போதாக்குறைக்கு, இந்திய நகரங்களில் கிணற்றிலும் தாங்கியிலும் வளரும் ஸ்ரெபென்சி வகை 2016 இறுதியில் மன்னார்க் கிணறுகளில் முதன்முதலாகக் காணப்பட்டு, பிறகு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. நுளம்பு இருக்கிறது, ஒட்டுண்ணிதான் இல்லை. அதைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு நோயாளி போதும்.

கடைசியாக, விடுமுறை முடிந்து பூட்டப்படும் வீடுகள். வெளிநாட்டில் இருப்பவர்களின் எத்தனையோ நல்ல வீடுகள் வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலை தட்டித் திரும்புகிறார். பூட்டுமுன் தாங்கியை வெறுமையாக்கித் தேய்த்துக் காயவிட்டு மூடியைக் கம்பியால் கட்டுங்கள். தண்ணீர் வரும் வாயிலை அடைத்து, மலசலகூடத்தின் பறிப்புத் தாங்கியை ஒருதரம் அழுத்தி வெறுமையாக்குங்கள். கோப்பையில் நிற்கும் தண்ணீரை வாரி எடுக்க முடியாது. அதன் வாயைப் பொலித்தீனால் மூடி விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டுங்கள். குளியலறைத் தரையின் நீர்வழிக்கும் அப்படியே. பீலியில் இலை அள்ளிவிடுங்கள். திறப்பு ஒன்றை அயலில் ஒருவரிடம் கொடுத்து, மழை தொடங்கியபின் கிழமைக்கொருதரம் வளவைச் சுற்றிவர ஆள் ஒழுங்கு செய்யுங்கள். அந்த ஆளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் படலையில் ஒரு தகரத்தில் எழுதித் தொங்கவிட்டால் பரிசோதகர் உள்ளே வரலாம்.

இப்படிக்கு,
நுளம்புக் கட்டுப்பாட்டுக் களப்பணியாளர் சிலர்,
கிளிநொச்சி.